இறந்தவரின் கையும் இருப்பவரின் கையும்: கிளீவ்லாந்தின் அறநிறுவனங்கள்

அமெரிக்காவின் இலாப நோக்கமற்ற நிறுவனங்களைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் பேசும்போதெல்லாம் ராக்ஃபெல்லர், கார்னெகி, ஃபோர்டு என்ற மூன்று பெயர்களிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. உலகெங்கும் பணம் வழங்கும் பெருநிறுவனங்கள் அவை. ஆனால் ஒரு நகரத்தின் அன்றாடத்தைத் தாங்கிப்பிடிக்கும் நிறுவனங்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் வரலாற்றை அறிய நியூயார்க்கைவிட ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரமே பொருத்தமான இடம் என்பது என் எண்ணம். 1920இல் 7,96,841 மக்களுடன் நாட்டின் ஐந்தாம் பெரிய நகரமாக விளங்கியது அது. 2020 கணக்கெடுப்பில் 3,72,624 பேரைக் கொண்ட நடுத்தர நகரமாகச் சுருங்கிவிட்டது. மக்கள் போய்விட்டனர், அறநிறுவனங்கள் தங்கிவிட்டன.

கதை ஒரு வங்கியில் தொடங்குகிறது. கிளீவ்லாந்து டிரஸ்ட் வங்கியின் தலைவராக இருந்த ஃபிரெடெரிக் காஃப் அடிப்படையில் வழக்கறிஞர். உயில்களின் வழியே வங்கியின் பொறுப்பில் வந்து சேரும் அறநிதிகள் அவரை உறுத்தின. ஒருவர் இறக்கும் தறுவாயில் எழுதிவைத்த நோக்கம், அரை நூற்றாண்டுக்குப் பின் பொருளற்றுப்போனாலும் பணம் அந்த நோக்கத்துக்கே கட்டுண்டு கிடக்கும். இதனை ஆங்கிலச் சட்ட மரபு 'இறந்தவரின் கை' என்று குறித்தது. அக்காலத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டது செயின்ட் லூயிஸ் நகரின் மேயராக இருந்த பிரையன் முல்லன்ஃபியின் அறநிதி. 1851இல் மறைந்த அவர், மேற்குத் திசையில் குடியேறச் செல்லும் வழியில் செயின்ட் லூயிஸுக்கு வந்துசேரும் ஏழைப் பயணிகளுக்கு உதவுமாறு தம் சொத்தில் ஒரு பங்கை ஒதுக்கியிருந்தார். மாட்டுவண்டிகளில் மேற்கே போகும் காலம் முடிந்தது, இரயில் வந்தது, நிதி மட்டும் இல்லாத பயணிகளுக்காகக் காத்திருந்தது.

நாம் 'அறக்கட்டளை' என்று எளிதாக வழங்கும் சொல்லில் 'கட்டளை' இருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இன்ன நாளில், இன்ன பூசைக்கு, இன்னாருக்குச் சோறு என்று கொடையாளர் இட்ட ஆணையே கட்டளை. கொடுத்தவர் போனபின்னும் ஆணை நிற்கும். காஃப் எதிர்கொண்ட சிக்கலை விளக்க இதனினும் பொருத்தமான சொல் ஆங்கிலத்தில்கூட இல்லை.

அவர் கண்ட தீர்வு 1914 ஜனவரி 2ஆம் நாள் கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன் என்ற பெயரில் உருப்பெற்றது. உலகின் முதல் சமூக அறக்கட்டளை அதுவே. பலரின் கொடைகள் ஒரே நிதியாகச் சேரும். முதலைக் காத்துப் பெருக்குவது வங்கியின் வேலை. வருவாயை எதற்குச் செலவிடுவது என்பதை ஐவர் கொண்ட குழு முடிவு செய்யும். நோக்கம் காலாவதியானால் குழு அதனை மாற்றிக்கொள்ளலாம். குழுவில் இருவரை வங்கி நியமித்தது. ஏனையோரை நகர மேயரும் நீதிபதிகளும் நியமித்தனர். சில ஆண்டுகளுக்குள் சிகாகோ, பாஸ்டன் முதலிய நகரங்கள் இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டன.

பாடநூல்கள் இதனைச் சனநாயகப் புதுமை என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. என்னால் அவ்வளவு விரைவாக நகர முடியவில்லை. இறந்தவரின் கையிலிருந்து பணம் விடுபட்டது உண்மை. விடுபட்டு யாருடைய கைக்குப் போனது? வங்கியாளர், மேயர், நீதிபதிகள் ஆகியோரின் கைக்கு. பணம் யாருக்காகச் செலவிடப்பட்டதோ அவர்களில் ஒருவர்கூட நியமிக்கும் இடத்தில் இல்லை. சற்று முன்னதாக 1913இல் நகரின் தொண்டு நிறுவனங்கள் ஒன்றிணைந்து கூட்டாக நிதி திரட்டத் தொடங்கியிருந்தன. 1919இல் அது 'கம்யூனிட்டி செஸ்ட்' ஆக வளர்ந்து, இன்று யுனைடெட் வே எனப்படும் இயக்கத்துக்கு முன்னோடியாயிற்று. அதற்கும் வணிகர் சங்கமே தாய்வீடு. ஒரே கதவைப் பலமுறை தட்டும் தொல்லையிலிருந்து கொடையாளரைக் காப்பதே அதன் முதல் அக்கறை.

ஆயினும் நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். தொடக்க ஆண்டுகளில் பகிர்ந்தளிக்கப் பணம் பெரிதாக இல்லாத நிலையில், ஃபவுண்டேஷன் நகரத்தை ஆராயும் வேலையில் இறங்கியது. லெனார்ட் அய்ரெஸ் தலைமையில் பள்ளிக்கல்வி ஆய்வு வெளிவந்தது. நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியே கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட இழிவுக்குப் பிறகு, ராஸ்கோ பவுண்டும் ஃபீலிக்ஸ் ஃபிராங்ஃபர்ட்டரும் இயக்கிய குற்றவியல் நீதி ஆய்வு 1922இல் நூலாயிற்று. தன்னை நியமிக்கும் அதிகாரிகளின் துறையையே ஓர் அமைப்பு ஆராயத் துணிந்தது அன்றைக்குச் சிறிய செயல் அன்று.

இந்தக் கட்டமைப்புக்கு வெளியே நின்றவர்களின் வரலாறு இன்னொன்று. தென் கரோலினாவிலிருந்து 1905இல் கிளீவ்லாந்துக்கு வந்த ஜேன் எட்னா ஹன்டர் பயிற்சி பெற்ற செவிலியர். கறுப்பினப் பெண் என்பதால் மதிப்பான தங்குமிடம் கிடைக்காமல் அலைந்தார். 1911இல் தம்மைப் போன்ற உழைக்கும் பெண்களைக் கூட்டி, வாரம் ஐந்து சென்ட் சந்தாவில் ஒரு சங்கம் தொடங்கினார். அது ஃபில்லிஸ் வீட்லி சங்கமாக வளர்ந்து 1927இல் தனக்கெனப் பல மாடிக் கட்டடமும் கண்டது. வளர்ச்சிக்கு வெள்ளையினச் செல்வர்களின் பணம் தேவைப்பட்டது. தங்கள் விடுதிகளில் கறுப்பினப் பெண்களைச் சேர்க்காமலிருக்க இது வசதியான வழி என்று அவர்களில் பலர் கண்டனர். தனி விடுதி கட்டுவது பிரிவினைக்கு நாமே அடிக்கல் நாட்டுவதாகும் என்று கறுப்பினத் தலைவர்கள் சிலர் ஹன்டரைக் கடுமையாகக் கண்டித்தனர். இரு தரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது; அன்றிரவு படுக்க இடம் தேடிய பெண்ணுக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க இயலவில்லை என்பதும் உண்மை. 1940இல் அவர் தம் தன்வரலாற்றுக்கு இட்ட தலைப்பில் அந்த ஐந்து சென்ட் காசு இடம்பெற்றிருக்கிறது. 1915இல் ஜெலிஃப் தம்பதியர் எல்லா இனத்தவருக்கும் திறந்துவைத்த இல்லம், பின்னாளில் கராமு இல்லம், வேறொரு பாதையைக் காட்டியது. லாங்ஸ்டன் ஹியூஸ் பள்ளிப் பருவத்தில் அங்கே வளைய வந்தவர்.

1960களில் 'யார் முடிவு செய்வது' என்ற வினா வீதிக்கு வந்தது. 1966 ஜூலையில் ஹஃப் பகுதியில் கலவரம் மூண்டு நால்வர் மாண்டனர். மறு ஆண்டு ஃபோர்டு ஃபவுண்டேஷன், இனச் சமத்துவப் பேரவையான 'கோர்' அமைப்பின் கிளீவ்லாந்துக் கிளைக்கு 1,75,000 டாலர் வழங்கியது. அதில் ஒரு பகுதி கறுப்பின வாக்காளர் பதிவுக்குச் செலவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் கார்ல் ஸ்டோக்ஸ் வென்று, அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் முதல் கறுப்பின மேயரானார். பணம் தேர்தலை முடிவு செய்ததா என்பது விவாதத்துக்குரியது. ஆனால் காங்கிரசு உறுப்பினர் பலர் அப்படித்தான் கருதினர். 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் அந்தச் சினம் பதிவாகியுள்ளது: தனியார் ஃபவுண்டேஷன்களின் நிதியில் வாக்காளர் பதிவு நடத்தும் அமைப்பு குறைந்தது ஐந்து மாநிலங்களில் செயல்பட வேண்டும், ஒரே தேர்தலுக்குள் அடங்கிவிடவும் கூடாது. ஒற்றை நகரத்தின் அனுபவம் ஒரு நாட்டின் சட்ட விதியாக உறைந்ததற்கு இதனினும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. மருத்துவமனைக்கும் இசையரங்குக்கும் கொடுத்தவரை எவரும் கேள்வி கேட்கவில்லை. வாக்குச்சீட்டின் பக்கம் பணம் திரும்பியபோதுதான் கேள்வி எழுந்தது.

ஸ்டோக்ஸ் 1968இல் 'கிளீவ்லாந்து: நௌ!' என்ற மீட்புத் திட்டத்தை அறிவித்தபோது வணிகர்களும் பள்ளிப் பிள்ளைகளும் நிதி தந்தனர். ஜூலை 23ஆம் நாள் கிளென்வில் பகுதியில் காவல்துறைக்கும் ஆயுதமேந்திய கறுப்பினக் குழுவுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை நடந்தது. அக்குழுவின் தலைவர் ஃபிரெட் அகமது எவன்ஸுக்கு அத்திட்ட நிதியிலிருந்து சிறு தொகை போயிருந்தது தெரியவந்ததும் நன்கொடை வற்றியது. வாக்குறுதிகள் காற்றில் போயின. பத்தாண்டுகளுக்குப் பின், 1978 டிசம்பரில், நகராட்சியே வங்கிகளிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தர இயலாமல் தவறியது. கடனைப் புதுப்பிக்க மறுத்த வங்கிகளில் முதன்மையானது கிளீவ்லாந்து டிரஸ்ட். காஃப் தலைமை வகித்த அதே வங்கி.

இன்று அந்த வங்கி இல்லை, இணைப்புகளில் கரைந்துபோயிற்று. ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புள்ள நிதியோடு ஃபவுண்டேஷன் இருக்கிறது. நகர மையத்தில் நெடுங்காலம் இருந்த அதன் தலைமையகம் 2023இல் யூக்ளிட் நிழற்சாலையில், ஹஃப் பகுதியின் விளிம்பில் எழுப்பிய புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. தரைத்தளத்தை அக்கம்பக்கத்து மக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். பகிர்வு முடிவெடுக்கும் அறைக்குள் அவர்களில் எத்தனை பேர் போகிறார்கள் என்பதே அடுத்து வாசிக்க வேண்டிய ஆவணம்.