யாருடைய திடல்? கிள்ளான் பள்ளத்தாக்கில் பள்ளி மைதானங்களின் வரலாறு

எஃபிங்ஹாம், சீஃபீல்ட், காசல்ஃபீல்ட், மிட்லண்ட்ஸ், புக்கிட் ஜாலில், ஹைலண்ட்ஸ், புக்கிட் ராஜா. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளிகள் பல இன்றும் இப்படித் தோட்டங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தோட்டம் போய்விட்டது. பால்மரம் நின்ற இடத்தில் குடியிருப்புகளும் பேரங்காடிகளும் நெடுஞ்சாலைகளும் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் மிஞ்சியிருக்கிறது. பள்ளியை ஒட்டிக் கிடந்த திடலும் தோட்டத்தோடு போனது. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பள்ளித் திடல்களைச் சீர்படுத்தி, மாலையிலும் வார இறுதியிலும் சுற்றுவட்டார மக்களுக்கும் இளைஞர்களுக்கும் திறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அது வெளிநாட்டிலிருந்து வந்த புதுத் திட்டம் போலப் பார்க்கப்படுகிறது. வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இங்குள்ள தமிழர்களுக்குப் பள்ளித் திடல் தொடக்கத்திலிருந்தே ஊர்த் திடலாகத்தான் இருந்தது. தோட்டக் காலத்தில் அதைக் கூடி அனுபவிக்கும் வழக்கம் இருந்தது, நிலத்தின்மேல் உரிமை இல்லை. இன்று பள்ளிகள் பலவற்றுக்கு நிலத்தின்மேல் ஏதோ ஓர் உரிமை இருக்கிறது, கூடி அனுபவிக்கும் வழக்கம் அறுந்துவிட்டது. இந்த இரண்டையும் ஒன்றுசேர்ப்பதே இனிச் செய்ய வேண்டிய வேலை என்பது என் வாதம்.

கோலாலம்பூரின் முதல் பெரிய திடல் ஆட்சியாளர்களின் திடல். 1884இல் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் முன்னால் விரிந்த பாடாங், காவல்படையின் அணிவகுப்புக்கும் வெள்ளை அதிகாரிகளின் கிரிக்கெட்டுக்கும் பயன்பட்டது. இன்று அதுவே டத்தாரான் மெர்டேக்கா. அடுத்த படியில் ஆங்கிலப் பள்ளிகள் இருந்தன. 1893இல் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் தொடங்கியபோது அதன் முதல் அறங்காவலர்களில் ஒருவர் தம்புசாமிப் பிள்ளை. கோலாலம்பூரில் ஒரு தமிழ்ப்பள்ளி இன்றும் அவர் பெயரில் நடக்கிறது. ஆங்கிலப் பள்ளிக்கு விளையாட்டு பாடத்தின் பகுதி. ஆகவே அங்கே திடல் இல்லாத பள்ளியை யாரும் கற்பனை செய்யவில்லை. நகரத் தமிழர்களும் உடற்பயிற்சியின் அருமையை அறிந்தே இருந்தார்கள். டி.பி.சி.ஏ. என்று விளையாட்டு வட்டாரத்தில் அறியப்படும் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் 1914இல் கோலாலம்பூரில் தோன்றியது. அதே ஆண்டில்தான் பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியும் தொடங்கியது. படிப்புக்கு ஒரு பள்ளி, உடலுக்கு ஒரு சங்கம் என்று இரண்டையும் சமூகம் தன் முயற்சியில் உண்டாக்கிக்கொண்டது. இவை இரண்டும் ஒரே வேலியின் இரண்டு பக்கமாக அமைந்திருக்க வேண்டியவை. ரயில்வே குவார்ட்டர்ஸ் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸ் போன்ற நெருக்கமான வட்டாரத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

தோட்டங்களில் நிலைமை வேறு. 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த 1923ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றன. பெரும்பாலான நிர்வாகங்கள் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும் வைத்துச் சட்டத்தை நிறைவேற்றின. ஆனால் அந்தக் கொட்டகை நின்ற இடம் தோட்டத்தின் நடுவில் இருந்தது. ஒரு பக்கம் லயன் வீடுகள், ஒரு பக்கம் மாரியம்மன் கோவில், ஆயாக்கொட்டகை, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வெட்டவெளி. பால்மரம் வெட்டும் வேலையின் நேரமே இந்த வெளிக்கு உயிர் கொடுத்தது. குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும். அதனால் விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு ஆள் கூடி, வெளிச்சம் பரவும்போது வெட்டத் தொடங்கி, உச்சி வெயிலுக்குள் பாலைத் தூக்கி வந்து நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். பிற்பகல் வெட்டுக்காரர்களின் சொந்த நேரம். பள்ளி விட்ட பிள்ளைகளும் வேலை முடித்த இளைஞர்களும் ஒரே திடலுக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். காற்பந்து அங்கே வேரூன்றியதற்கு வெள்ளைத் துரைகளின் ஊக்கத்தைவிட இந்த வேலை நேரம் பெரிய காரணம். தோட்டத்துக்குத் தோட்டம் அணி இருந்தது. பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் லாரியில் ஆள் போனது. அந்தத் திடலில்தான் திருவிழாக் கூட்டம் கூடியது, தீமிதிக்குக் குழி வெட்டப்பட்டது, தகவல் இலாகாவின் வண்டி வந்து வெண்திரை கட்டிப் படம் காட்டியது. பள்ளிக்கூடத்தின் பெஞ்சுகள் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வெளியே வந்தன. பள்ளிக்கும் ஊருக்கும் நடுவில் வேலி இல்லை.

தோட்ட வாழ்க்கையை இப்படிப் பொன்னாக்கிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் திடலில் ஆடியவர்கள் குறைந்த கூலியிலும் கள்ளுக்கடைக் கடனிலும் உழன்றவர்கள். பெண் பிள்ளைகள் அங்கே ஆடியது அரிது. அவர்களுக்கு வீட்டு வேலையும் தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பும் காத்திருந்தன. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தம் இந்த வாழ்க்கையின் உண்மையை வெளியே கொண்டுவந்தது. ஆர். எச். நாதன் வழிநடத்திய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளை இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கும். கூலி உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். கூடிப் பேசும் சுதந்திரம் கேட்டார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் உயிர்கள் போயின. திடல் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் இல்லை. ஆனாலும் யார் வரலாம், யார் கூடலாம், எப்போது கூடலாம் என்பதை நிலத்துக்குச் சொந்தக்காரனே தீர்மானித்த காலத்தில் திடலும் அவன் தயவில்தான் இருந்தது என்பதை அந்தப் பட்டியல் காட்டிவிடுகிறது. தோட்ட வாழ்க்கை மீண்டும் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வாழ்க்கையில் மக்கள் தாங்களே வளர்த்துக்கொண்ட ஒரு நல்ல வழக்கத்தை, அதை நசுக்கிய அமைப்பிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும் என்கிறேன்.

தயவு எவ்வளவு நாள் நிற்கும் என்பதை அடுத்த ஐம்பது ஆண்டுகள் காட்டின. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் குடும்பங்களை இடம்பெயர வைத்தது; அதைப் பற்றிப் பொருளியலாளர் உங்கு அஜிஸ் தலைமையில் ஆய்வே நடந்தது. அரசியல் தலைவர் வி. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது இதற்கான பதில். நிலம் கைக்கு வந்தால்தான் வாழ்க்கை நிலைக்கும் என்பதை அவர் சரியாகக் கணித்தார். ஆனால் பள்ளத்தாக்கின் நிலவிலை கூட்டுறவின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. 1970களிலிருந்து சீஃபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா எழுந்தது. புக்கிட் ஜாலில் தோட்டத்தில் 1998 காமன்வெல்த் போட்டிகளுக்காகத் தேசிய விளையாட்டு வளாகம் எழுந்தது. எண்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் அரங்கம் நாட்டுக்குப் பெருமை, சந்தேகமில்லை. அதே தோட்டத்தில் எஞ்சியிருந்த குடும்பங்கள் குடியிருக்கும் மனைக்காக நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது என்பதும் அந்தப் பெருமையோடு சேர்ந்த வரலாறு. சுதந்திரத்தின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. மூடப்பட்டவை மூடப்பட்டன, பிழைத்தவை புதிய குடியிருப்புகளுக்கு நடுவே மாற்றி அமைக்கப்பட்டன. அந்த மாற்றத்தில் கட்டடத்துக்காகப் போராடினோம், வகுப்பறைகளை எண்ணிக் கேட்டோம். திடலை எண்ணிக் கேட்டவர்கள் குறைவு.

இன்றைய நிலையின் மறுபாதி நகரத்தில் தெரிகிறது. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டிலேயே மிக அதிகமான மாணவர் படிக்கும் தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. அப்படிப்பட்ட பள்ளிகளில் ஒவ்வொரு சதுர அடிக்கும் வகுப்பறையும் வாகன நிறுத்துமிடமும் போட்டியிடுகின்றன. திடல் இருக்கும் பள்ளிகளிலோ பிற்பகலில் புறப்பாட நடவடிக்கை முடிந்ததும் வாசற்கதவு பூட்டப்படுகிறது. நான்கு தெரு தள்ளி, மலிவு விலை அடுக்குமாடியின் கீழே, நிறுத்திய மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் பையன்கள் செருப்பைக் கம்பமாக வைத்துப் பந்து உதைக்கிறார்கள். 2011இல் அரசாங்கம் ஒரு மாணவர் ஒரு விளையாட்டுக் கொள்கையை அறிமுகப்படுத்தியது. நோக்கம் சிறந்தது, ஆனால் விளையாட இடமில்லாத பிள்ளைக்கு விளையாட்டு மதிப்பெண் தாளில்தான் இருக்கும். போர்ட் கிள்ளானில் பிறந்த ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் ஸ்பைடர்மேன் என்று பெயரெடுத்து, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற மலேசியக் காற்பந்து அணியின் வலையைக் காத்தார். அரசியல் புறக்கணிப்பால் அந்த அணி மாஸ்கோ போகவில்லை. அவரை இன்றும் கொண்டாடுகிறோம். ஒரு கோல்காவலர் உருவாகச் சிறுவயதிலேயே ஆயிரம் முறை விழுந்து எழ வேண்டும். தாருக்கும் சிமெண்டுக்கும் மேல் எந்தப் பிள்ளையும் அப்படி விழ முடியாது. அடுத்த ஆறுமுகம் எங்கே என்று கேட்பவர்கள் முதலில் புல்தரை எங்கே என்று கேட்கட்டும்.

பள்ளியைத் திறந்துவிட்டால் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, உடைந்ததை யார் சரிசெய்வது, யாராவது அடிபட்டால் தலைமையாசிரியர் நீதிமன்றம் ஏற வேண்டுமா என்ற தயக்கம் ஆசிரியர்களிடம் இருக்கிறது. அதைச் சாக்குப்போக்கு என்று தள்ளிவிட முடியாது. பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிங்கப்பூரின் இரட்டைப் பயன்பாட்டுத் திட்டத்தில் பள்ளிக் கட்டடத்துக்கும் திடலுக்கும் நடுவில் தனி வேலி போட்டு, திடலுக்கு வெளியிலிருந்து தனி வாசல் வைத்தார்கள். பள்ளி நேரத்தில் அந்த வாசல் பூட்டியிருக்கும், பிறகு திறக்கும். வகுப்பறைப் பக்கம் யாரும் போக முடியாது. திடலின் பராமரிப்பு ஆசிரியர் தலையில் விழாது. நியூயார்க் மாநகரமும் 2007 முதல் நூற்றுக்கணக்கான பள்ளி முற்றங்களைச் செப்பனிட்டு, பள்ளி நேரத்துக்குப் பின் விளையாட்டு வெளிகளாகத் திறந்தது. சிங்கப்பூரில் வெற்றிக்குக் காரணம் ஒன்றுதான். திடலின் பொறுப்பைப் பள்ளியிடமிருந்து பிரித்து, பணமும் ஆளும் உள்ள ஒரு பொது நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். நம் ஊரிலும் திடலை அனுமதி பெற்று வாடகைக்கு விடும் வழக்கம் உண்டு. ஆனால் அது பணம் கட்டும் குழுவுக்கான கதவு. அடுக்குமாடிப் பையன் அந்தப் பட்டியலில் வரமாட்டான்; மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் புட்சால் அரங்கமும் அவனுக்கு எட்டாது.

நிலமே தட்டுப்பாடாக இருக்கும்போது வீடு முக்கியமா, திடல் முக்கியமா என்ற கேள்வியும் எழும். கோலாலம்பூரின் தாமான் ரிம்பா கியாரா பூங்கா வழக்கு இதற்குத் தக்க பாடம். புக்கிட் கியாரா தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் 1980களின் தொடக்கத்திலிருந்து தற்காலிகம் என்று சொல்லப்பட்ட நீள்வீடுகளில் வாழ்ந்துவந்தன. அவர்களுக்கு வீடு கட்டுவதோடு சேர்த்து அந்தப் பூங்காவில் உயரமான கொண்டோமினியங்கள் கட்டவும் திட்டம் வந்தது. வட்டாரக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த மேம்பாட்டு அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஏழைக்கு வீடும் ஊருக்கு வெளியும் ஒன்றையொன்று அழிக்க வேண்டியவை என்ற கணக்கைத் திணிப்பது மேம்பாட்டுத் திட்டத்தின் இலாபக் கணக்குதான். பள்ளித் திடல் இந்த மோதலைத் தணிக்கிறது. அது ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட நிலம். புதிதாக ஒரு சதுர அடிகூடக் கையகப்படுத்த வேண்டாம். பாதி நாள் சும்மா கிடப்பதை மீதி நேரமும் பயன்படுத்தினால் போதும்.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. முதலாவது, நில உரிமை. பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் நிலம் இன்னும் நிறுவனங்களின் பெயரில் இருக்கிறது. தோட்டத் திடலுக்கு நேர்ந்தது அவற்றுக்கும் நேரலாம். கட்டடத்தோடு திடலும் விளையாட்டு நிலம் என்ற பெயரிலேயே பதிவாக வேண்டும். இடம் மாறும் ஒவ்வொரு பள்ளிக்கும் திடலின் அளவை எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டாவது, தனி வாசலும் தனிப் பொறுப்பும். மாநகர் மன்றமோ நகராண்மைக் கழகமோ புல், விளக்கு, குடிநீர், காப்புறுதி ஆகியவற்றை ஏற்க வேண்டும். பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் வட்டார இளைஞர் மன்றங்களும் நேர அட்டவணையை வகுக்க வேண்டும். மூன்றாவது, அந்த அட்டவணையில் பெண் பிள்ளைகளின் வலைப்பந்துக்கும் ஓட்டத்துக்கும் உறுதியான நேரம் இருக்க வேண்டும். பழைய திடல் அவர்களுக்கு மறுத்ததைப் புதிய திடல் முதலில் கொடுக்கட்டும். எல்லாப் பள்ளியும் ஒரே நாளில் இதைச் செய்ய முடியாது. திடல் உள்ள பள்ளிகளில் தொடங்கி, திடல் இல்லாத பள்ளிகளின் மாணவரும் அங்கே வந்து பயிற்சி பெறும்படி செய்யலாம். தோட்டத்து மக்கள் உரிமை இல்லாத மண்ணிலேயே இவ்வளவு பெரிய பொதுவாழ்வை வளர்த்துக் காட்டினார்கள். உரிமை உள்ள மண்ணில் நாம் அதற்குக் குறைவாகச் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.