சேதுவழிப் பயணமும் தமிழிலக்கிய வரலாறும்

தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடைப்பட்ட ஊரப்பாக்கம், எழும்பூரினின்று தெற்கே செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஒரு சிறு நிலையம். ஆயினும், இப்பாதையின்மீது ஓடிய வண்டியொன்று, 1914 முதல் 1964 வரை அரை நூற்றாண்டுக் காலம், சென்னையையும் கொழும்பையும் புகைவண்டியாலும் கப்பலாலும் பிணைத்து நின்றது. மக்கள் அதனைப் 'போட் மெயில்' என வழங்கினர். ஈழத்து இலக்கியத்தையும் தமிழகத்து இலக்கியத்தையும் வெவ்வேறு இயல்களில் வைத்து எழுதும் நம் இலக்கிய வரலாறுகள், இவ்விரண்டினையும் இணைத்த வழியைப் பெரும்பாலும் கருதுவதில்லை. அவ்வழியின் வரலாறும் இலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியே என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செங்கற்பட்டு மண்டிலத்திற்கு ஈழத்தொடர்பு புதியதன்று. ஏழாம் நூற்றாண்டில், நாடிழந்த சிங்கள இளவரசன் மானவர்மன் பல்லவன் நரசிம்மனிடம் அடைக்கலம் புகுந்து, அவன் படைத்துணையால் அரசு எய்தினான் என்பதை மகாவமிசத்தின் தொடர்ச்சி கூறுகின்றது. அப்பல்லவரின் துறைமுகமாக விளங்கியது மாமல்லபுரம். கடல்வழியாக நிகழ்ந்த அவ்வுறவு பிற்காலத்தில் இருப்புப்பாதையையும் துணைக்கொண்டது.

தொடக்கத்தில் பயணிகள் தூத்துக்குடிவரை புகைவண்டியிற் சென்று, ஆங்கிருந்து நீராவிக் கப்பலேறிக் கொழும்பை அடைந்தனர். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பெற்றதும் வழி மாறியது. தனுஷ்கோடித் துறையில் வண்டியை விட்டிறங்குவோர் கப்பலேறி, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, தலைமன்னாரில் வேறொரு வண்டி ஏறினர். இங்கு ஓடியது மீட்டர் பாதை; அங்கு ஓடியது அகலப்பாதை. ஆதலின், ஒரு கரையின் பெட்டிகள் மறுகரையில் ஓட இயலா. இங்கிலாந்திலும் பிரான்சிலும் பாதையின் அகலம் ஒன்றே. அதனால் 1936 முதல் இலண்டன் பயணிகள் படுக்கையை விட்டெழாமலே, பெட்டியோடு கப்பலேறிப் பாரிசு சேர முடிந்தது. சேதுவழியிலோ ஒவ்வொருவரும் இறங்கி நடந்தே கரை மாறினர்.

அங்ஙனம் நடந்தோர் அனைவரும் ஒரு நிலையினரல்லர். ஒருசார் கற்றோரும் வணிகரும் சென்றனர். நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், தாமோதரம்பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்ததும் இவ்வழி தோன்றுமுன் நிகழ்ந்தவை. அவர்கள் தொடங்கிய உறவு இவ்வழியால் எளிதாயிற்று. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் காரைதீவினரான விபுலானந்தரைத் தமிழ்ப்பேராசிரியராக அமர்த்தியது. 1947-இல் அவருடைய யாழ்நூலைக் கரந்தைத் தமிழ்ச்சங்கம் வெளியிட்டது. சிதம்பரமும் தஞ்சையும் இவ்விருப்புப்பாதையின்மீதே அமைந்த ஊர்கள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மற்றொருசார், தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற உழைப்பாளர் இருந்தனர். இலங்கை அரசு மண்டபத்தில் நடத்திய முகாமில் அவர்கள் தங்கவைக்கப்பெற்று, நோயில்லை எனத் தெரிந்த பின்னரே கப்பலேற்றப்பெற்றனர். பயணச்சீட்டுக்கு மாறாகத் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த தகரத் தகட்டினைப் பூண்டு சென்றோரும் அவருள் உண்டு. கற்றோர் கொண்டு சென்றவை ஏடும் நூலும். இவர்கள் கொண்டு சென்றவை பாட்டும் கூத்தும். ஸி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டுப் பாடல்களும், தோட்டங்களில் இன்றும் ஆடப்பெறும் காமன் கூத்தும் இவ்வழியே பெயர்ந்த இலக்கியம் அன்றோ? யாழ்நூலுக்கு நம் வரலாறுகளில் இடமுண்டு. இவற்றிற்கு இடமளிக்கத் தயங்குவது முறையன்று.

1964-ஆம் ஆண்டு இவ்விரு சாராரின் வரலாற்றிலும் திருப்புமுனையாயிற்று. அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாகி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க இசைந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்தினின்று கப்பல் சென்றது. அது பெரிதும் சுமந்து மீண்டது தாயகம் திரும்பியோரையே. போனோரை நிறுத்திவைத்துச் சோதித்த மண்டபமே, அவர்தம் வழித்தோன்றல்களை அகதிகள்போல் எதிர்கொண்டது. 1980-களின் முற்பகுதியில் உள்நாட்டுப் போரோடு அக்கப்பலும் நின்றது. 2015-இல் தலைமன்னார்ப் பாதை மீண்டும் திறக்கப்பெற்றது. 2025-இல் பாம்பனில் புதுப்பாலம் எழுந்தது. இடைப்பட்ட கடலில் மட்டும் அப்பழைய கப்பல் இல்லை.

ஆகவே, இருபதாம் நூற்றாண்டுத் தமிழிலக்கியத்தை ஆராய்வோர் ஏட்டுச்சுவடியோடும் அச்சுநூலோடும் அமையாது, கால அட்டவணைகளையும் முகாம் பதிவேடுகளையும் தோட்டத்துப் பாடல்களையும் ஒருங்குவைத்து ஆராய்தல் வேண்டும். ஒரே வண்டியில் சென்றோருள் பெயர் எழுதப்பெற்றோரை மட்டும் எண்ணி, எண் பொறிக்கப்பெற்றோரை விடுப்பின், நாம் எழுதுவது பாதி வரலாறேயாகும்.