ஃபாரெவர் நவ்

ஃபாரெவர் நவ்: லண்டனின் நியூ வேவ் இசைக்குழு சைகடெலிக் ஃபர்ஸ் 1982இல் வெளியிட்ட மூன்றாம் ஆல்பம். தயாரிப்பாளர் டாட் ருண்ட்கிரென். ஒலிப்பதிவு நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக் பகுதியில். முன்னதாக இருவர் விலகியதால் குழு நால்வராகச் சுருங்கியிருந்தது. சாக்சஃபோன் பின்வாங்க, செல்லோவும் மாரிம்பாவும் முன்வந்தன. பாடகர் ரிச்சர்ட் பட்லரின் கரகரத்த குரல் மட்டும் மாறவில்லை.

இதன் ‘லவ் மை வே’ பாடலில் மாரிம்பாவை வாசித்தவர் ருண்ட்கிரெனே. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் 44ஆம் இடத்தோடு நின்றுவிட்ட இப்பாடலுக்குத் திரையில் ஆயுள் நீண்டது. ‘வேலி கேர்ள்’ (1983), ‘தி வெட்டிங் சிங்கர்’ (1998) படங்களில் ஒலித்தது. லூகா குவாதனினோவின் ‘கால் மீ பை யுவர் நேம்’ (2017) படத்தில் திறந்தவெளி நடனக் காட்சிக்கு இதுவே இசை. கதை நிகழ்வது 1983இன் வட இத்தாலி. அப்போது பாடல் ஏறத்தாழப் புதியது, எனவே தேர்வு காலப்பொருத்தம் உடையது.