பொன்னம்பலவாணேசுவரர் கோயில், கொழும்பு

கொழும்பு கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் உள்ள சிவாலயம், அம்மன் சிவகாமசுந்தரி. யாழ்ப்பாணம் மானிப்பாயிலிருந்து வந்த அருணாசலம் பொன்னம்பல முதலியார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதை எழுப்பினார். ஒரு குடும்பம் தன் செல்வத்தைக் கட்டடமாக்கி ஊருக்குக் கொடுத்ததற்கு இலங்கைத் தமிழரிடையே இதைவிடச் சிறந்த சான்று காண்பது அரிது.

முதலியாரின் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடங்கி 1912 வரை கோயிலை முழுவதும் கருங்கல்லில் புதிதாகக் கட்டுவித்தார். தென்னிந்தியச் சிற்பிகள் வரவழைக்கப்பட்டனர். தூண், போதிகை, கூரைப் பாளம் எல்லாமே கல். சுண்ணப்பூச்சும் வண்ணமும் இல்லாத உள்மண்டபத்தில் உளி வேலையின் நுட்பம் நேரே கண்ணில் படுகிறது. கொடையாளர் பெயரை ஊர் அறியும். அந்தச் சிற்பிகளின் பெயர்களும் அதே மதிப்புடன் சொல்லப்பட வேண்டியவை.

இராமநாதனின் கட்டடக் கொடை கோயிலோடு முடியவில்லை. பெண்களுக்கென மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியை 1913இலும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியை 1921இலும் நிறுவினார். பின்னதன் வளாகத்தில்தான் 1974இல் இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உருவானது.