அச்சாரம் கொடுத்த வண்டி

கொங்கு நாட்டில் மாடு பிடிப்பது ஒரு பெரிய கலை. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி பண்டிகையின்போது கூடும் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வாங்க வந்தவர் முதலில் மாட்டைச் சுற்றி ஒரு வட்டம் வருவார். சுழி பார்ப்பார். வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நாலு தப்படி நடக்கவிட்டுக் காலைக் கவனிப்பார். பிறகு தரகர் ஒரு துண்டைப் போட்டுக் கையை மூட, அதற்குள்ளே விரல்களே பேசி விலையை முடிக்கும். அதற்கப்புறம்தான் அச்சாரம். அச்சாரம் கைமாறிவிட்டால் இரு தரப்புக்கும் கட்டுப்பாடு உண்டு. வாங்குகிறவர் பின்வாங்கினால் அவருடைய பணம் போயிற்று. விற்கிறவர் பின்வாங்கினால் சந்தையில் அவருடைய வாக்குப் போயிற்று.

இவ்வளவு கெட்டிக்காரர்களான நம்மவர்கள், மோட்டார் வண்டி வாங்கப் புறப்பட்டபோது மட்டும் அந்தக் கலை முழுவதையும் சந்தையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். கண்ணால் காணாத வண்டிக்கு முன்பணம் கட்டினார்கள். வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். வந்த வண்டி எப்படி இருந்தாலும் மாலை போட்டுத் தேங்காய் உடைத்து ஏற்றுக்கொண்டார்கள். இப்போது மின்சாரக் கார் கோபிசெட்டிபாளையத்துக் கடைவீதி வரையில் வந்துவிட்டது. 'முன்பணம் கட்டி இத்தனை மாதமாயிற்று, இன்னும் வரவில்லை', 'வந்த வண்டி ஒரு வாரத்தில் நின்றுவிட்டது' என்ற புலம்பல்களும் கூடவே வந்துவிட்டன. இது புதிய வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இதற்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பூர்வோத்தரம் இருக்கிறது.

மின்சாரக் கார் பெட்ரோல் காருக்குப் பிந்திய சரக்கு என்பதே தவறான எண்ணம். 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்களில் கால் பங்குக்கு மேல் மின்சாரத்தில் ஓடியவை. புகை இல்லை, சத்தம் இல்லை, கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்ப வேண்டிய தொல்லையும் இல்லை. குறை ஒன்றே ஒன்றுதான், அது பாட்டரி. ஈயப் பாட்டரியின் பாரத்தைப் பார்த்துவிட்டு, தாமஸ் ஆல்வா எடிசன் நிக்கலும் இரும்பும் கொண்டு ஒரு புதுப் பாட்டரி செய்யப் புறப்பட்டார். உலகப் புகழ் பெற்ற மனிதர் அல்லவா? 1903 வாக்கில் சரக்கு வெளியே வந்தபோது ஜனங்கள் நம்பி வாங்கினார்கள். ஆனால் அவற்றில் பல ஒழுகின. பல சக்தியை இழந்தன. எடிசன் என்ன செய்தார்? கெட்டுப்போனவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் உற்பத்தியையே நிறுத்தினார். மறுபடியும் சோதனைச் சாலைக்குள் போய், சில வருஷம் உழைத்து, 1909-ஆம் ஆண்டு வாக்கில்தான் திருந்திய பாட்டரியுடன் வெளியே வந்தார்.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1908-இல் போர்டு கம்பெனியின் மலிவான 'டி மாடல்' கார் வந்துவிட்டது. 1912-இல் காடிலாக் காரில் பொத்தானை அமுக்கினால் எஞ்சினைக் கிளப்பும் சிறு மோட்டார் ஒன்றைப் பொருத்தினார்கள். விதியின் விளையாட்டைப் பாருங்கள்: மின்சாரக் காரைத் தோற்கடிக்க உதவியது ஒரு மின்சார மோட்டார்தான்! ஆனாலும் எடிசன் நடந்துகொண்ட முறையை நான் மதிக்கிறேன். சரக்கில் குற்றம் என்றால் அது செய்தவனுடைய குற்றம் என்று அவர் ஏற்றுக்கொண்டார். வாங்கியவன் தலையில் கட்டவில்லை.

நம் நாட்டு நிலைமை வேறு. சுதந்திரம் வந்த பிறகு, கார்களை இங்கேயே செய்ய வேண்டும் என்ற கொள்கையை அரசாங்கம் மேற்கொண்டது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்ற அயல்நாட்டுக் கம்பெனிகள் 1953, 1954-ஆம் ஆண்டுகளில் மூட்டை கட்டிக்கொண்டு போயின. மிஞ்சியவை முக்கியமாக மூன்று: கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் பியட், சென்னையில் ஸ்டாண்டர்டு. கொள்கை நல்ல கொள்கைதான். ஆனால் எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் லைசென்ஸ், யாருக்கு எந்த வரிசையில் கொடுக்கலாம் என்பதற்கும் கட்டுப்பாடு. 1959-ஆம் ஆண்டில் கார் விநியோகத்துக்கென்றே தனிக் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டார்கள். வரிசையில் பெயரைப் பதிந்துவிட்டு ஜனங்கள் வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள்.

வரிசை நீண்டால் சரக்குக் கெடும். இது நான் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. சந்தைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த சமாசாரம். பத்துப் பேர் மாட்டோடு நிற்க, வாங்குகிறவர் ஒருவராக இருந்தால் பல்லைத் தாராளமாகக் காட்டுவார்கள். ஒரு மாடு நிற்க, நூறு பேர் அச்சாரத்தோடு நின்றால் பல்லைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. அம்பாசடரில் ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் என்று கேலி பேசினார்கள்; பேசிக்கொண்டே அதற்குத்தான் பணமும் கட்டினார்கள். புகார்கள் பெருகி, 1967-இல் கார்களின் தரத்தை விசாரிப்பதற்கென்றே மத்திய அரசாங்கம் ஒரு குழுவை நியமிக்க வேண்டியதாயிற்று. தாமதமும் தரக்குறைவும் இரண்டு நோய்கள் அல்ல. ஒரே நோயின் இரண்டு குறிகள் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

1983-இல் மாருதி கார் வந்தபோதும் முன்பதிவுக்கு நாடே திரண்டது. ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினார்கள். அந்த வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். மற்றவர்கள் தங்கள் முறை வரும் வரையில் காத்திருந்தார்கள்.

இந்தச் சரித்திரத்தில் எங்கள் கொங்கு நாட்டுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. 1932-இல் பைக்காரா நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் உற்பத்தியாகி, கோயம்புத்தூருக்குப் புது வாழ்வு கிடைத்தது. 1937-இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் அங்கே செய்த மின்சார மோட்டார், இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார் என்று பெயர் பெற்றது. அதே நாயுடு 1952-இல் இரண்டு பேர் உட்காரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து, 2,000 ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்றார். அரசாங்கம் அனுமதி தரவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு இன்னொரு கடை திறந்திருக்க வேண்டிய சமயத்தில் அந்தக் கதவு சாத்தப்பட்டது.

பின்னும் நாற்பது வருஷம் கழித்து, 1993-இல், இந்தியாவின் முதல் மின்சாரக் கார் என்று ஒன்று டில்லியில் நடந்த கண்காட்சிக்கு வந்தது. அதற்கு 'லவ் பேர்ட்' என்று பெயர். கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் இருந்த எட்டி கரண்ட் கண்ட்ரோல்ஸ் என்ற கம்பெனி, ஜப்பானின் யாஸ்காவா கம்பெனியோடு சேர்ந்து செய்த வண்டி அது. இரண்டு பேர் உட்காரலாம். ஈயப் பாட்டரி. சார்ஜ் ஏற எட்டு மணி நேரம். ஒரு தடவை ஏற்றினால் சுமார் 60 கிலோமீட்டர் ஓடும். செங்குத்தான மேட்டில் ஏறத் திணறும். கோபியிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆகவே, பிறந்த வீட்டுக்கே அது ஒரே மூச்சில் போய்ச் சேராது! சத்தியமங்கலத்தைத் தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம். மிகச் சில வண்டிகள் விற்றதோடு அதன் கதை முடிந்தது. 2001-இல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா கொஞ்ச காலம் கூடுதலாகத் தாக்குப் பிடித்தது.

பாட்டரி ஈயத்திலிருந்து லித்தியத்துக்கு மாறிய பிறகு நிலைமை மாறியது. அச்சாரமும் மாறியது. 2021 ஜூலையில் ஓலா கம்பெனி 499 ரூபாய் கட்டினால் மின்சார ஸ்கூட்டருக்கு முன்பதிவு என்று அறிவித்தது. ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் பதிந்தார்கள். தொழிற்சாலை நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில். அக்டோபரில் வரும் என்று சொன்ன வண்டி, டிசம்பர் 15-ஆம் தேதிதான் பெங்களூரிலும் சென்னையிலும் முதன்முதலாகக் கைக்கு வந்தது. அடுத்த மார்ச்சில் புனாவில் அந்த வண்டிகளில் ஒன்று தெருவில் நின்றபடியே தீப்பிடித்தது. ஏப்ரலில் 1,441 வண்டிகளைப் பரிசோதனைக்குத் திரும்ப அழைத்தார்கள். 2024 அக்டோபரில், ஒரே வருஷத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் குவிந்ததைக் காட்டி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. டெஸ்லா கார் விஷயம் இன்னும் விசேஷம். 2016-இலேயே ஆயிரம் டாலர் கட்டிக் காத்திருந்த இந்தியர்கள் உண்டு. அந்தக் கம்பெனியின் முதல் கடை மும்பையில் திறந்தது 2025 ஜூலையில்!

ஆனால் கால தாமதத்தை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. தாமதம் ஒரு நாள் முடியும். முடியாத கவலை வேறொன்று இருக்கிறது.

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் கமலை ஏற்றத்தை மின்சார மோட்டார் எப்படி வென்றது என்று எண்ணிப் பாருங்கள். மோட்டார் ஒருநாளும் கெடாது என்பதாலா? அல்லவே அல்ல. ஓல்டேஜ் குறைந்தால் மோட்டார் புகைந்துபோகும். மஞ்சளும் கரும்பும் தண்ணீருக்குத் தவிக்கும். ஆனால் ஊருக்கு ஊர் காயில் கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு போனால், ராத்திரி முழுக்க உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றி, பொழுது விடிவதற்குள் கொடுத்துவிடுவார். குடியானவன் நம்பியது மோட்டாரை மட்டும் அல்ல, அந்த மனிதரையும்தான். அம்பாசடரின் ஆயிரம் குறைகளையும் நம்மவர்கள் சகித்ததற்கு இதே காரணம். எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைத் திறந்து மூட ஓர் ஆள் இருந்தார்.

எங்கள் ஊரில் அப்படிக் காயில் கட்டும் ஒருவரிடம், ஒரு மஞ்சள் வியாபாரி தம்முடைய மின்சார வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதை நான் பார்த்தேன்.

"ஏனுங் மாமா, மோட்டாரெல்லாம் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடாச்சுங்களே. இதைக் கொஞ்சம் பாருங்க" என்றார் வியாபாரி.

அவர் வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தார். சந்தையில் மாட்டைச் சுற்றுவது போலவே இருந்தது. பிறகு, "மோட்டாருன்னா பார்த்துப் போடலாமுங் மாப்ளே. இது பெட்டியைப் பூட்டி முத்திரை வெச்சிருக்குதே! தொறந்தா வாரண்டி போயிருமுங்க. தொறக்காட்டி எனக்கு என்ன தெரியும்?" என்று கையை விரித்தார்.

இன்றைய மின்சார வண்டியின் மெய்யான பிரச்னை முழுவதும் அந்தப் பதிலில் அடங்கியிருக்கிறது. செய்தவனே விற்கிறான், விற்றவனே பழுதும் பார்க்கிறான். அவனுடைய பட்டறை எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், வாங்கியவன் என்ன செய்வான்? மோட்டார்களின் தாயகமான கொங்கு நாட்டில், மோட்டார் தெரிந்தவர் மோட்டார் வண்டிக்கு முன்னால் கையை விரித்து நிற்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

பழைய காலத்தைப்போல் இன்று வாங்குகிறவன் அநாதை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின்படி, கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், கோபிக்காரர் தம் மாவட்டத் தலைநகரான ஈரோட்டிலேயே வழக்குத் தொடுக்கலாம். குறைபட்ட வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கட்டளையிட அரசாங்கத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. தீப்பிடித்த சம்பவங்களுக்குப் பிறகு, 2022 டிசம்பரிலிருந்தும் 2023 மார்ச் முடிவிலிருந்தும் இரண்டு கட்டமாகப் பாட்டரிப் பரிசோதனை விதிகளைக் கடுமையாக்கினார்கள். பல கார்களின் பாட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதமும் தருகிறார்கள்.

ஆயினும் சட்டம் வருவது கெட்ட பிறகு. பல் பார்ப்பது வாங்குவதற்கு முன்பு. சோதனைச் சாலையில் அளந்து சொன்ன தூரத்தை நம்பாமல், நம் சாலையில், நம் குடும்பத்தோடு ஓட்டிப் பார்க்கலாம். வண்டி எந்த மாதம் தயாரானது என்று விசாரிக்கலாம். பதிவு எண் வாங்குவதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் ஒரு வட்டம் வரலாம். சார்ஜ் ஏறுகிறதா என்று அங்கேயே பார்க்கலாம். எந்தத் தேதியில் தருவார்கள், தராவிட்டால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். பழுதானால் யார், எங்கே, எத்தனை நாளில் பார்ப்பார்கள் என்பதைக் கேட்காமல் அச்சாரத்தை மடியிலிருந்து எடுக்கக் கூடாது.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பைக்காரா மின்சாரத்தைக் கிணற்று மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் மோட்டார் செய்தவர்கள் மாத்திரம் அல்ல. ராத்திரி விளக்கின் கீழே உட்கார்ந்து கம்பி சுற்றிய பெயர் தெரியாத மனிதர்களும்தான். அவர்களுடைய பிள்ளைகள் இன்றும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, பூட்டிய பெட்டியின் சாவியையும் கொடுங்கள். கோபியில் கெட்ட வண்டி கோபியிலேயே ஓடத் தொடங்கும் நாளில், முன்பதிவுக்கு விளம்பரம் செய்ய வேண்டிய அவசியமே இராது. எங்கள் ஜனங்கள் தாமாகவே அச்சாரத்தோடு வருவார்கள்.