பாரி மகளிரின் ஒரே பாட்டு

ஒரே ஒரு பாட்டால் மட்டும் நினைக்கப்படும் பெண்குரல் இசைக்குழுக்கள் மேலைநாட்டுப் பாப் இசையில் பல உண்டு. 'காத்ரீனா அண்டு தி வேவ்ஸ்' குழுவுக்கு 1985இல் உலகப் புகழ் தேடித்தந்தது 'வாக்கிங் ஆன் சன்ஷைன்' என்னும் பாட்டு. அதே குழு 1997இல் வேறொரு பாட்டைப் பாடி யூரோவிஷன் போட்டியில் பிரிட்டனுக்கு முதலிடம் பெற்றுத் தந்தது. ஆயினும் குழுவின் பெயரைச் சொன்னதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது முதற்பாட்டே. இத்தகையோரை 'ஒரு பாட்டுக்காரர்' எனச் சற்று இளக்காரமாகச் சொல்வதும் உண்டு. ஒரு பாட்டால் நிலைபெறுதல் அத்துணை எளிதா?

நம் சங்கத் தொகைகளிலும் ஒரே பாட்டால் வாழும் பெண்கள் உளர். காவற்பெண்டுக்குப் புறநானூற்றின் 86ஆம் பாட்டு, பெருங்கோப்பெண்டுக்கு 246ஆம் பாட்டு, ஆதிமந்திக்குக் குறுந்தொகையின் 31ஆம் பாட்டு. இவ்வரிசையில் செஞ்சிப் பகுதியினராகிய நமக்கு மிக அணுக்கமானவர்கள் பாரி மகளிர். அவர்களுடைய பாட்டு புறநானூறு 112.

மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டனர், பாரி மாண்டான். அதன்பின் அவன் மகளிர் பாடியது ஐந்தே அடிகள். சென்ற திங்களின் நிலவையும் இத்திங்களின் நிலவையும் அடுத்தடுத்து வைத்து, தந்தையும் குன்றும் இருந்த நிலையையும் இரண்டும் இல்லாத நிலையையும் சொல்லி முடிக்கின்றனர். போர் வருணனை இல்லை; வெளிப்படையான வசை இல்லை. நாம் வியப்பது மற்றொன்று: பாட்டு முழுதும் பன்மையில் நிற்கிறது. 'என்' என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. ஒருத்தியின் புலம்பலாக அன்றி, உடன்பிறந்தோர் சேர்ந்தெழுப்பிய ஒரே குரலாகவே அது ஒலிக்கிறது.

பின்னர் அம்மகளிரைக் கபிலர் அழைத்துச் சென்று, மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் வேண்டினார். இருவரும் உடன்படவில்லை. செஞ்சிக்குத் தென்மேற்கே, தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவலூரில், வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு, கபிலர் பாரியின் பெண்ணை மலையருக்கு அளித்துத் தீப்புகுந்த செய்தியைப் பதிவு செய்துள்ளது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். தொகை நூல் அவர்களைப் 'பாரி மகளிர்' என்கிறது. கல்வெட்டும் தந்தையின் பெயரைக் கொண்டே சுட்டுகிறது. அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்குத் தந்த பெயர்கள். பாட்டு காக்கப்பட்டது, பாடியவர் பெயர் காக்கப்படவில்லை. மேலைக் குழுவுக்குப் பெயராவது எஞ்சியிருக்கிறது.

செஞ்சி மலைகளும் கைமாறியவையே: 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். 1714இல் வீழ்ந்த தேசிங்குராஜனுக்குக் கதைப்பாடல் உண்டு. அவனுடன் தீப்புகுந்த அரசி அதில் பாடப்படுபவள், பாடுபவள் அல்லள். குன்றை இழந்த பெண்களே வாய்திறந்து பாடியது எத்துணை அரியது என்பது இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

2025இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர், திருக்கோவலூருக்கும் சென்று ஆற்றினுள் நிற்கும் கபிலர் குன்றைக் காணலாம். இயன்றால் நிலவுள்ள நாளில் செல்க. அந்த ஐந்து அடிகளை அங்கே வாய்விட்டுப் படிக்க அரை நிமிடம் போதும்.