பெயரைத் திருடியவன்

பொன்னைத் திருடினால் பெட்டி காலியாகும். களவு உடனே தெரிந்துவிடும். பெயரைத் திருடினால் அப்படியில்லை. பறிகொடுத்தவனுக்கே பல காலம் தெரியாது.

பிரான்ஸ் தேசத்தின் தெற்கே ஆர்த்திகா என்றொரு கிராமம். 1548-இல் மார்ட்டின் கேர் என்ற வாலிபன், தகப்பனாரின் தானியத்தைத் திருடியதாக வந்த பழிக்கு அஞ்சி, மனைவி பெர்த்ராந்தையும் குழந்தையையும் விட்டு ஓடிப்போனான். எட்டு வருஷம் தகவலே இல்லை. 1556-இல் ஒருவன் வந்து, தான்தான் மார்ட்டின் என்றான். பழைய சிநேகிதர்களைப் பெயர் சொல்லி அழைத்தான். மறந்துபோன சங்கதிகளை எல்லாம் நினைவூட்டினான். சகோதரிகள் ஏற்றுக்கொண்டார்கள். மனைவியும் ஏற்றுக்கொண்டாள். அவன் உண்மைப் பெயர் அர்னோ து தில்.

மூன்று வருஷத்துக்கு மேல் சம்சாரம் நடந்தது. ஒரு பெண் குழந்தையும் தங்கிற்று. பிறகு அவன் சொத்துக்குக் கணக்குக் கேட்டான். சிற்றப்பன் பியேருக்குச் சந்தேகம் பலமாகப் பிறந்ததும் அப்போதுதான்!

1560-இல் வழக்கு. சுமார் 150 சாட்சிகள். சிலர் ‘அவனேதான்’ என்றார்கள். சிலர் ‘இல்லவே இல்லை’ என்றார்கள். சுமார் 60 பேர் ஒன்றும் சொல்லமுடியாமல் விழித்தார்கள். செருப்புத் தைப்பவர் மட்டும் அளவு சொன்னார்: மார்ட்டினின் காலுக்குப் பன்னிரண்டு, இவன் காலுக்கு ஒன்பது. கதையை மனப்பாடம் செய்யலாம். பாதத்தை என்ன செய்வது? ஆனாலும் மேல் வழக்கில் தூலூஸ் நீதிபதிகள் அவனை விடுவிக்கும் பக்கமே சாய்ந்தார்கள். அந்தச் சமயத்தில் மரக்கால் ஊன்றி ஒருவன் வந்து நின்றான். நிஜ மார்ட்டின்!

வேடிக்கை என்னவென்றால், பழைய சங்கதிகளைக் கேட்டபோது நிஜ மனிதனைவிடப் போலியே நன்றாகப் பதில் சொன்னான். வழக்கை விசாரித்த ழான் து கோராஸ் என்ற நீதிபதியே இதை எழுதி வைத்திருக்கிறார். 1560 செப்டம்பர் 16-இல் அர்னோவை மார்ட்டின் வீட்டு வாசலிலேயே தூக்கிலிட்டார்கள்.

பிறந்த தேதியும் தாயார் பெயரும் சொன்னால் ஆளை நம்பிவிடுகிற நம் காலத்துக்கு இது நல்ல பாடம். கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியது எதுவும் சாட்சியம் ஆகாது.

இன்னொன்றும் உண்டு. திரும்பி வந்த மார்ட்டின் மனைவியைத்தான் கடிந்துகொண்டான். நீதிமன்றமோ அவள் நல்லெண்ணத்தோடு நம்பினாள் என்று கொண்டு விடுவித்தது. அவள் மகளையும் முறையான வாரிசு என்றது. ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால் திருடனுக்குத்தான் லாபம். பாங்கியிடமும் போலீசிடமும் அன்றைக்கே சொல்லவேண்டும். வீட்டாரும் ‘உனக்குப் புத்தி எங்கே போயிற்று?’ என்று கேட்பதைக் கொஞ்சம் ஒத்திப்போடலாம். வெட்கப்படவேண்டியவன் வேறொருவன் அல்லவா?